அய்யலூர்க் கிடாயின் நான்காவது கால்

கஸ்பார் திண்டுக்கல்லில் பதினாறு வருஷமாக டிராயிங் மாஸ்டர். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் அவருடைய பீரியடைத்தான் தூக்கிக் கொடுப்பார்கள். ஆண்டுவிழா வந்தால் தோரணக் காகிதத்துக்குச் சாயம் கலக்கக் கூப்பிடுவார்கள். மனிதருக்கு ஒரே ஓர் ஆசைதான். யாராவது முத்திரை குத்தித் தன்னை 'ஓவியர்' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்காக அவர் ஏங்கியதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அதற்கு வழி பிறந்தது. புகையிலை மண்டி சோலைமுத்து ஒரு கலை மன்றம் ஆரம்பித்துத் தானே தலைவராகவும் ஆகிக்கொண்டார். 'நம் ஊர் மண்' என்று ஒரு கூட்டு ஓவியக் கண்காட்சிக்கு ஏற்பாடாயிற்று. இடத்தை நேரில் பார்த்து வரைந்தவர்களுக்கு 'ஓவியர்' என்று நற்சான்று உண்டு. சோலைமுத்து, கஸ்பாரின் தலைமையாசிரியர் ஞானராஜ், இன்னும் மூன்று பெரிய மனிதர்கள், ஆறாவதாகக் கஸ்பார் என்று பெயர் கொடுத்தார்கள். அந்த ஆறு பேரில் பென்சில் சீவத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை எல்லோரும் காரில் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனார்கள். ஐந்து பேரும் இறங்கிய கையோடு கறிச்சோற்றுக் கடைக்குள் புகுந்துகொண்டார்கள். கஸ்பார் மட்டும் வெயிலில் உட்கார்ந்து மலையை வரைந்தார், முள்வேலியை வரைந்தார், எதிரே நின்ற வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றையும் வரைந்தார். கிடாய்க்குப் பக்கத்தில் இரண்டு பேர் கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று கால் முடிந்து நான்காவதைத் தொடங்கும்போது துண்டு விலகியது. பேரம் படிந்துவிட்டது.

"செத்த நேரம் நிறுத்துங்கப்பு!" என்று கெஞ்சினார் கஸ்பார்.

"ஏன், நீ வெல கூட்டிக் கேக்கப் போறியா?" என்று சொல்லிவிட்டு, வாங்கினவர் கிடாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பாத்துட்டுத் தாரோம் வாத்தியாரே" என்று ஐந்து பேரும் அந்தத் தாளை வாங்கிப் போனார்கள். ஒரு வாரம் அது வீடு வீடாகச் சுற்றியது. மேலே மெல்லிய தாளை வைத்து ஆளுக்கொரு நகல் எடுத்தார்கள். காலை எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தாள் திரும்பி வந்தபிறகு கஸ்பார் தன் படத்தில் நான்காவது காலையும் போட்டு, வண்ணம் தீட்டி முடித்தார்.

கண்காட்சியைத் திறந்துவைக்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முதல் படத்திலேயே ஆள் உருகிப்போனார். "மூணு காலோட இந்த வறண்ட பூமியில நிக்குதே! ஊனத்தக்கூட மறைக்காம வரைஞ்சிருக்கீங்களே!" அடுத்த படத்திலும் அதே நொண்டி, அதற்கடுத்ததிலும் அதே நொண்டி. ஐந்து சாட்சி கிடைத்தபின் ஆறாவது படத்துக்கு வந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இவர் மட்டும் சந்தைக்கு வரலையா? வீட்டுல உக்காந்து நல்ல ஆடாப் போட்டிருக்காரே. இவருக்கு எப்படிச் சான்று குடுக்கறது?"

"ஐயா, அந்தக் கிடாய்க்கு..." என்று கஸ்பார் வாயைத் திறந்தார். தலைமையாசிரியர் ஒரு மாதிரி இருமினார். சோலைமுத்து கஸ்பாரைப் படங்கள் மாட்டியிருந்த தட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"வாத்தியாரே, அஞ்சு பேரு மானம் போயிரும். ஒத்தக் காலுதான, எடுத்துருங்க. தெரியாமப் போட்டுட்டாருன்னு நான் ஐயாகிட்டச் சொல்லிக்கிறேன்."

அந்தச் சந்தையில் கண்ணைத் திறந்து பார்த்தவர் கஸ்பார் ஒருவர் அல்லவா! ஆனால் மேசைமேல் அவர் பெயர் எழுதிய சான்று முத்திரைக்காகக் காத்துக்கிடந்தது. அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு செம்மண் நிறத்தைக் குழைத்தார். கால் மறைய அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டில் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் சான்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏங்க, ஆட்டுக்கு நாலு காலுல்ல இருந்துச்சு?"

"அது நொண்டி ஆடு. நேர்ல பாத்தவன் சொல்றேன்" என்றார் ஓவியர் கஸ்பார்.