ஜெயந்தி கலக்கிய தண்ணீர்

வீடு வீடாகப் போய் "தண்ணியக் காய்ச்சிக் குடிங்க" என்று தொண்டை வற்றக் கத்துகிற என் சக சேவிகைகளே, இந்தத் தொழிலில் நாம் சொல்வதை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், அதையே பக்கத்துச் சந்துக்காரி சொன்னால் கேட்பார்கள்.

எனக்கு வாய்த்த பக்கத்துச் சந்துக்காரி ஜெயந்தி. தாராவியில் நான் சுகாதாரச் சேவிகையாக இருக்கும் சந்துக்கு அடுத்தது அவளுடையது. சுனாபட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், இந்தியில் பொளந்து கட்டுவாள். நல்ல பெண்தான், அதுதான் என் எரிச்சலே. கெட்டவளாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லியாவது ஆற்றிக்கொள்ளலாம்.

குளோரின் வாசம்

மழை தொடங்கியதும் குடிதண்ணீரில் விடுகிற குளோரின் மருந்தைக் கொடுப்போம். என் சந்து இசக்கியம்மாள் அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. வாசம் பிடிக்கவில்லையாம். மருந்தை விட்டு மூடி வைத்து, அரை மணி நேரம் கழித்துக் குடித்தால் ஒன்றும் தெரியாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள், அதோடு சரி.

நான் லீவு போட்ட அன்று ஜெயந்தி என் சந்தையும் பார்த்துக்கொண்டாள். மறுநாள் போனால் இசக்கியம்மாள் வீட்டுக் குடத்துக்கு மூடி, உள்ளே கை படாமல் மொள்ள நீளக் கைப்பிடி வைத்த கரண்டி, மருந்துப் பாட்டில் திறந்தாகிவிட்டது. ஜெயந்தி சொன்னதும் அதே அரை மணி நேரம்தான். பிறகு நான் சொன்னபோது என்ன கேடு என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா மெரட்டுத மாதிரி இருக்குக்கா. அது சிரிச்சிக்கிட்டே சொல்லுதுல்லா."

பாட்டில் மரியாதை

பொறாமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சந்தில் ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நாளில் பேதி. மாமியாருக்குக் குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது, கண் உள்ளே போய்விட்டது, மூத்திரம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், கையில் ஊசி குத்தி சலைன் பாட்டில் ஏற்றினார்கள். பாட்டில் என்றதும் உல்லாஸ்நகரிலிருந்து சொந்தக்காரர்கள் ஆப்பிளும் இளநீருமாக வந்து இறங்கினார்கள்.

மருமகள் மூத்திரம் போகிறாள், வாய் வழியாகக் குடிக்கிறாள். அவளுக்கு ஓ.ஆர்.எஸ். பொடிதான் கொடுத்தேன். பாக்கெட் முழுவதையும் காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கணும், பாதிப் பாக்கெட் கூடாது, மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது, ஒவ்வொரு தடவை போய் வந்ததும் குடிக்கணும். எல்லாம் கேட்டுக்கொண்டாள். முகம் மட்டும் தொங்கிப்போனது. பொடித் தண்ணீர் குடிப்பவளைப் பார்க்க யார் ஆப்பிள் வாங்கி வருவார்கள்? ஆள் துவண்டால்தான் பாட்டில் என்று விளக்கினேன்.

"அப்போ கண்ணு உள்ள போற வரைக்கும் நானும் காத்துக் கெடக்கணும், அப்படித்தானக்கா?"

மோட்டார்

எங்கள் சந்துக்கு ஒரே பைப். தண்ணீர் வருவது கொஞ்ச நேரம். ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சினார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? அவரும் போட்டார். பைப்போ சாக்கடைக்குள் ஓடுகிறது, இணைப்பெல்லாம் ஓட்டை. நல்ல தண்ணீர் நின்ற பிறகும் மோட்டார் இழுத்தால் சாக்கடைத் தண்ணீர்தான் உள்ளே வரும்.

ஜெயந்தி தன் சந்தில் சொல்லி எல்லா மோட்டாரையும் கழற்ற வைத்துவிட்டாள். அந்த மழைக்கு அங்கே பேதியே இல்லை, என் சந்தில் வரிசையாக விழுந்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆவேசமாக எதிர்வீட்டுக்குப் போய் மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். அவர் அமைதியாகப் பதில் சொன்னார்.

"மொதல்ல ஒங்க வீட்டுக்காரர் போட்ட மோட்டாரக் கழத்தச் சொல்லுங்க, நானும் கழத்துதேன்."

என் வீட்டுக்காரர்

இவர் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். அந்த மோட்டாரை அவரே பழுது பார்த்து மாட்டியதால் தனிப் பெருமை. நான் காய்ச்சி வைத்திருக்க, அவர் மோட்டார் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோறு வடித்த கஞ்சி மாதிரி போக ஆரம்பித்தது, கூடவே வாந்தி. பத்து நிமிஷம் பொறுத்து, பொடித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். நாக்கு வறண்டது, கண் உள்ளே போனது. ஊருக்கெல்லாம் சொன்ன நானே கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தபோது தன் சந்துக்குப் பொடிப் பாக்கெட் கேட்டு ஜெயந்தி வந்தாள். பார்த்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள், புதிதாக ஒரு பாட்டில் பொடித் தண்ணீர் கலக்கினாள், குர்லா டிராபிக்கைத் திட்டிக்கொண்டே கரண்டியை நீட்டினாள். குடித்தார். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் குடித்தார். இந்தப் பக்கம் அவரைத் தாங்கிக்கொண்டு, சாமியையும் கும்பிட்டுக்கொண்டு, வயிறு எரிய நான் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் காலரா என்றார்கள், உடனே பாட்டில் ஏற்றினார்கள். வழியில் குடித்துக்கொண்டே வந்தது நல்லதாயிற்று என்றார் டாக்டர்.

பிழைத்து வந்ததும் முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றினார். மாலைக்குள் எதிர்வீட்டு மோட்டாரும் இறங்கியது. இனியும் பொறுக்க முடியாமல், கட்டினவள் கொடுத்தால் குடிக்காத வாய் அவள் கொடுத்தால் மட்டும் எப்படித் திறந்தது என்று கேட்டுவிட்டேன்.

"ஒம் மொகத்தப் பாத்தா நான் செத்துருவேன்னு தெரிஞ்சுதுட்டி. அந்தப் பிள்ள மொகத்துல ஒண்ணுமே தெரியல, அதான் குடிச்சேன்."

அன்றிலிருந்து என் வீட்டில் யாருக்கு முடியாவிட்டாலும் அவள், அவள் வீட்டுக்கு நான் என்று பேசி வைத்திருக்கிறோம் என்றாலும், அந்தத் தண்ணீரை அவர் அவள் கையால் குடித்ததை நினைத்தால் வருகிற வயிற்றெரிச்சலுக்கு மட்டும் இந்த உத்தியோகத்தில் எந்தப் பாக்கெட்டும் கொடுப்பதில்லை.