கதாநாயகனுக்கு ஓர் அனுமதி

அரசாங்க ஊழியர் ஒருவர் கடமைக்குப் புறம்பான வேலை எதிலும் ஈடுபடுவதற்கு முன் திணைக்களத் தலைவரின் எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும். விண்ணப்பத்தோடு அவ்வேலையின் முழு விபரத்தையும் இணைக்க வேண்டும். விதி இவ்வளவுதான். சினிமாவில் கதாநாயகனாக நடிப்பது இதற்குள் அடங்கும் என்று முடிவு செய்தவன் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தேன்.

படம் எடுக்கப் புறப்பட்டவர் நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கலியாணப் படம் எடுத்துச் சலித்தவர். கொழும்பிலிருந்து கமெராவை இரண்டு கிழமைக்கு மட்டும் வாடகை பேசியிருந்தார். கடலில் வேலை செய்யும் ஒருவனின் கதை. எல்லாம் கிடைத்தன, அந்த ஒருவனைத் தவிர. திரியாயிலிருந்து வந்த நாடகக்காரர், நாலடி தள்ளி நின்ற கமெராவிடம் கடைசி வரிசை வாங்குக்குக் கேட்கும்படி கத்தினார். படத்துக்குப் பணம் உதவிய கடை முதலாளியின் மகன் அழகன். தண்ணீரைக் கண்டால் மட்டும் பயம். குச்சவெளி ஆசிரியர் ஒருவர் பொருந்தினார். அவருடைய மனைவி கதையை வாங்கி வாசித்து, கதாநாயகியின் கையைப் பிடிக்கும் இடங்களையெல்லாம் பென்சிலால் வெட்டிவிட்டார்.

கட்டைபறிச்சானில் இடம் பார்க்க மூதூருக்கு ஓடும் லோஞ்சிப் படகில் போனபோதுதான், இறங்குதுறைக்குக் கயிறு எறிந்தவரை ஸ்டூடியோக்காரர் கண்டார். எங்கள் திணைக்களத்தில் ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர நியமனக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர். அவரை எடுத்த படங்களை ஸ்டூடியோக்காரர் என் மேசையில் பரப்பினார். ஒன்றிலும் அவர் நடிக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். என்னாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

லீவில் நாடகம் நடிக்கிறார் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும் என்றார் எங்கள் அத்தியட்சகர். நான் விடவில்லை. முழு விபரம் என்றால் முழு விபரம். வசனம், பாட்டு எல்லாவற்றையும் மூன்று பிரதிகள் தட்டச்சு செய்வித்து இணைத்தேன். தமிழில் இருந்ததால் கொழும்பில் அதை மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது: மூன்றாவது பாட்டில் நாயகி ஏங்குவது விண்ணப்பதாரரை நினைத்தா? ஆம் என்று முறைப்படி பதில் எழுதினேன்.

கமெரா வந்துவிட்டது, அனுமதி வரவில்லை. லோஞ்சிக்காரர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, மறுமொழி வராமல் நடிச்சால் என்ன செய்வினம்?"

"நிரந்தரக் கடிதம் வராமல் போகலாம்."

"அப்பிடி ஆருக்கும் நடந்திருக்கோ?"

என் சேவைக்காலத்தில் நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. "விதி அப்பிடித்தான் இருக்கு" என்றேன்.

கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "ஏழு வருசம் கயிறு எறிஞ்சனான், ஐயா. அந்த ஸ்டூடியோ ஆள்தான் முதல் திரும்பிப் பாத்தவர்." கயிறு உரசிக் காய்த்த கைகளைப் பார்த்தார். "பிள்ளையள் இருக்குதுகள். எனக்கு ஏலாது எண்டு அவரிட்டைச் சொல்லிவிடுங்கோ."

சொல்லிவிட்டேன். குச்சவெளி ஆசிரியரே நடித்தார், மனைவி கமெராவுக்குப் பக்கத்தில் இருக்க. ஆனால் ஆசிரியர் எறிந்த கயிறு ஒவ்வொரு முறையும் கடலில் விழுந்தது. கடைசியில் லோஞ்சிக்காரரைக் கூப்பிட்டு அவருடைய கைகளை மட்டும் எடுக்கலாமா என்று ஸ்டூடியோக்காரர் என்னிடம் ஆள் அனுப்பினார். விதியை இரண்டு தரம் வாசித்தேன். கைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்க வேண்டாம், எடுங்கள் என்றேன்.

அடுத்த வருடம் நகரத்துத் தியேட்டரில் படம் ஒரு கிழமை ஓடியது. லோஞ்சிக்காரர் மனைவி பிள்ளைகளோடு எனக்கு முன் வரிசையில் இருந்தார். திரை நிறையக் கைகள் வந்தன. "அப்பா" என்றது சின்னப் பிள்ளை, மெதுவாக. அவர் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டார்.

அவருடைய நிரந்தர நியமனம் அதற்கு முன்பே வந்திருந்தது. வேறொரு பிரிவிலிருந்து வந்தது. படத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் விசாரிக்கவில்லை. நடிப்பதற்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் என் மேசைக்கு வந்தது, படம் ஓடி முடிந்து தியேட்டர் வாசலில் சுவரொட்டியைக் கிழித்ததற்கு மறுநாள்.