வட்டைக்கு வெளியே விரித்த படம்

நான்கு சங்கிலி, அதாவது 264 அடி நிலம், தாளில் ஓர் அங்குலம். சாமித்தம்பி இருபது வருடமாக நிலத்தைச் சுருக்கிய அளவு இது. வீடு நாவற்குடாவில், வேலை மட்டக்களப்பு நகரில், ஒரு நில அளவையாளரின் கந்தோரில். அவர் கீறும் நிலப்படங்களைப் படியெடுப்பவர் காத்தான்குடி முத்தலிப்.

1938 புரட்டாசியில், உன்னிச்சைப் பக்கத்து வட்டையொன்றின், அதாவது வயல்வெளியொன்றின், புதிய படத்தை விதைப்புக் கூட்டத்தில் காட்டச் சாமித்தம்பி போனார். கூட்டம் வழக்கம்போலக் குளக்கட்டில். வயலுக்குள் பாய் விரித்து உட்காருவதை அந்த ஊரார் ஒப்பமாட்டார்கள்.

“இந்தப் படம் சரியெண்டு நாங்க என்னண்டு நம்புற?” என்று கேட்டார் வயல் காரியங்களைப் பார்க்கும் வட்டை விதானை வினாயகமூர்த்தி.

சாமித்தம்பிக்குக் கேள்வி பிடித்துப்போனது. கணிதச் சஞ்சிகை ஒன்றில் படித்த விதி கைவசம் இருந்தது. எல்லாத் தூரத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் படத்தை நிலத்தில் விரித்தால், அதில் ஒரே ஒரு புள்ளி தன் சொந்த இடத்தின் மேலேயே கிடக்கும். தேடுவதும் சுலபம். வட்டையின் ஏதாவது ஒரு மூலையை எடுத்து, அது படத்தில் இருக்கும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். விரலுக்குக் கீழே உள்ள மண் படத்தில் எங்கே என்று பார்த்து, விரலை அங்கே நகர்த்த வேண்டும். ஒன்றரை மைல் வட்டை முதல் தடவையில் தாளுக்குள் அடங்கும். இரண்டாம் தடவையில் ஊசிமுனைக்குள்.

“ஒரு ஊசி தாங்க. அந்த இடத்தில குத்திக் காட்டுறன்.”

முப்பது பேர் சுற்றி நிற்க, குளக்கட்டிலேயே படத்தை விரித்தார். வடக்கு மூலையில் விரலை வைத்தார். விரலுக்குக் கீழே குளக்கட்டு. படத்தில் குளக்கட்டைத் தேடினார், இல்லை. தெற்கு மூலையில் தொடங்கினார். அதே கதை.

“என்ன கா ஐயா, நாம நிக்கிற இடத்தையே காணல்லியா?” என்றாள் இரண்டு ஏக்கர்க்காரி சீதேவிப்பிள்ளை. “எங்கட வயலாவது உள்ள கிடக்கா, அதையும் மாடு திண்டிட்டா?”

குளக்கட்டே சிரித்தது. சாமித்தம்பிக்குக் காது சுட்டது.

“நான் கீறினது சரி. படியெடுத்த முத்தலிப்தான் ஓரத்தை விட்டுட்டான்.”

விதானை கந்தோருக்குக் கடிதம் எழுதினார். முத்தலிப்பை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

மூலப்படத்திலும் எல்லை குளக்கட்டின் அடியோடு நின்றது. கட்டு வட்டையில் சேராது. படம் காட்டும் நிலத்துக்குள்ளேயே அதை விரித்தால்தான் அந்த விதி செல்லும். வெளியே விரித்தவர் சாமித்தம்பி. முத்தலிப்பின் பெயரைச் சொல்லும்போதே அது அவருக்கு அரைவாசி தெரியும்.

பதினேழாம் நாள் முத்தலிப் கந்தோர் வாசலில் வந்து நின்றார். வேலை கேட்கவில்லை.

“அண்ணன், எந்த ஓரத்தை விட்டனான்? ஒருக்காக் காட்டுங்க. எனக்கு விளங்கவேயில்ல.”

“பிறகு பாப்பம்,” என்றார் சாமித்தம்பி, மேசையைப் பார்த்தபடி.

மறுநாள் உன்னிச்சைக்குப் போய், விதானையிடம் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி, ஒரு வரம்பின் மேல் படத்தை விரித்தார். விரல் இரண்டு தடவை நகர்ந்தது. ஊசி தாளைத் துளைத்து மண்ணில் நின்றது. படத்திலும் அதே வரம்பு.

“முத்தலிப்ட படி சரி. பிழை என்ட. அண்டைக்குப் பேர் கெட்டுப் போகுமெண்டு பொய் சொன்னன்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“அப்ப அதையும் கடுதாசில எழுதுங்க,” என்றாள் சீதேவிப்பிள்ளை.

கந்தோருக்கு எழுதிக் கையொப்பமிட்டார். திங்கட்கிழமை முத்தலிப் வேலைக்குத் திரும்பினார். சாமித்தம்பி கீறும் படங்களை மட்டும் இனிப் படியெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.