டி3 கட்டத்துக் குதிரையும் சேக் தாவூதும்

சேக் தாவூது லிஃப்ட் மெக்கானிக். குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா பேட்டைகளில் அவர் கை வைக்காத லிஃப்ட் குறைவு. பிப்ரவரியில் இறந்தார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறுநாள், அவருடைய ஒரே மகள் நஃபீசா அவரது அலமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பைக்குள்ளிருந்து கறுப்பு அட்டை நோட்டை வெளியே எடுத்தாள். அத்தா உயிரோடு இருந்தவரை அதைத் தொட அவளுக்கு அனுமதி இருந்ததில்லை.

நோட்டு முழுக்க ஒரே ஒரு சதுரங்க ஆட்டம். 1985 அக்டோபரில் மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் பதினாறாம் ஆட்டம். நடப்புச் சாம்பியனுக்கு வெள்ளை, சவால் விட்டவருக்குக் கறுப்பு. பதினாறாவது நகர்த்தலில் கறுப்பு தன் குதிரையை டி3 கட்டத்தில் கொண்டுவந்து வைத்தது. வெள்ளையின் வீட்டு நடுக்கூடம் அது. வந்த குதிரை பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளையின் யானைகளும் குதிரைகளும் அசைய வழியில்லாமல் நின்றன. பதினெட்டு நகர்த்தல் கழித்து அதை வெட்டியபோது வெள்ளை தன் ராணியையே இழக்க வேண்டிவந்தது. நாற்பதாவது நகர்த்தலில் தோல்வி.

அந்த ஆட்டம் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் கைக்கு வந்த கதையை நஃபீசா சின்ன வயதில் பலமுறை கேட்டிருக்கிறாள். செராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர் டிக்கெட் ஏஜென்சியில் வேலை பார்த்த அழகப்பன். கதவை நெம்பிக்கொண்டே தாவூது, "உள்ள நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன். இந்த வெள்ளைதான் பாவம், மூச்சு விட முடியல" என்று பதில் வந்தது. அழகப்பன் கையில் அன்றைய செய்தித்தாள். கதவு திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் இடுக்கு வழியாக நாற்பது நகர்த்தல்களும் வெளியே வந்துவிட்டன.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, புக்கிட் மேராவில் குடியிருந்த அழகப்பன் வர, இருவரும் குவீன்ஸ்டவுனில் தாவூதின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கட்டம் போட்ட கல்மேசையில் உட்கார்ந்தார்கள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கினால் பொழுது சாயும் மஃரிப் வரை. தாவூது எப்போதும் வெள்ளை. பதினேழாவது நகர்த்தலிலிருந்து எங்கேயாவது வெள்ளைக்கு வழி உண்டா என்று தேடுவது அவர் வேலை. அதை அடைப்பது அழகப்பன் வேலை. ஆளுக்கொரு நோட்டு. தன் பக்கத்து நகர்த்தலை மட்டும் எழுத வேண்டும், மற்றவர் நோட்டைப் பார்க்கக் கூடாது. முப்பத்தெட்டு வருடம் இப்படியே போயிற்று.

நஃபீசா கணினிச் சிப் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்த வருடம், அத்தாவை மகிழ்விக்க எண்ணி அந்த ஆட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "அத்தா, பன்னிரண்டாவது மூவ்லயே பிஷப்ப இ3-ல வச்சிருந்தா வெள்ளைக்குப் பிரச்சினையே இல்ல. குதிரை டி3-க்கு வந்திருக்கவே முடியாது." அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அப்படியா" என்றார். அதற்குப் பிறகு அவளிடம் சதுரங்கம் பேசவில்லை.

இப்போது நோட்டைப் புரட்டினாள். வெள்ளையின் நகர்த்தல்கள் மட்டும் வரிசையாக இருந்தன. எந்தக் கேள்விக்கு எது பதில் என்று தெரியவில்லை. ஆனால் ஓரங்களில் சின்ன எழுத்தில் குறிப்புகள் இருந்தன. 'அழகுக்கு முதுகு வலி.' 'அழகு புதுக் கண்ணாடி போட்டிருக்கிறான், பொருந்தவில்லை.' 'அழகு இன்று பேசவே இல்லை, வீட்டில் ஏதோ.' நானூறுக்கு மேல் இருந்தன. தன் பெயரைத் தேடி முதலிலிருந்து கடைசிவரை நான்கு முறை பார்த்தாள். இல்லை.

கடைசிப் பதிவு பிப்ரவரி 17. '24. குதிரை பி2. ஆஸ்பத்திரி. போனில். மணி நாலு.'

அந்தச் சனிக்கிழமை ஒரு மணியிலிருந்து அவள் ஆஸ்பத்திரிக் கட்டில் அருகேதான் இருந்தாள். "இன்னைக்கு வெள்ளிதானே?" என்று கேட்டார் அத்தா. "இல்லத்தா, சனி" என்று திருத்தினாள். சற்று நேரத்தில், "களைப்பா இருக்கும்மா, நீ வீட்டுக்குப் போ" என்றார். போனாள். அப்போது மணி மூன்று. மூன்று நாளில் அவர் மௌத்.

அவளை அனுப்பிவிட்டு அவனோடு பேசியிருக்கிறார். மனதுக்குள் அழகப்பன் 'அவன்' ஆனது அதை வாசித்தபோதுதான்.

அந்த இருபத்து நான்காவது நகர்த்தலைக் கணினியில் போட்டாள். தவறான நகர்த்தல். பி2 குதிரை டி3-ஐ மிரட்டுகிறது, உண்மைதான். ஆனால் கறுப்பு ராணி எஃப்6-க்கு வந்தால் போதும். ஆசைப்பட்டு டி3-இல் வெட்டினால், இரண்டு நகர்த்தல் கழித்து வெள்ளை ராணிக்குத் தப்பிக்க ஒரு கட்டமும் மிஞ்சாது. நோட்டின் 1987-ஆம் வருடப் பக்கத்தில் இதே நகர்த்தலை அத்தாவே அடித்துவிட்டு எழுதியிருந்தார்: 'கூடாது. ராணி போய்விடும்.' மறந்திருக்கிறார்.

நோட்டை எடுத்த அடுத்த சனிக்கிழமை ஆறாம் மாடி நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல்மேசையில் அழகப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"வாம்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அங்கிள். உங்க நோட்டு எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"அத்தாவோடதுல பாதிதான் இருக்கு. ஒண்ணும் விளங்கல."

"பாதிதான் இருக்கும். ரூல் அப்படி லா."

"அத்தாவே இல்ல. இனி என்ன ரூல்?"

அழகப்பன் தன் பச்சை நோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். "இத எட்டிப் பாக்க உங்க அத்தா படாத பாடு பட்டாரு. ஒரு தடவை டாய்லெட் போறேன்னு போயிட்டு, சத்தமில்லாம எனக்குப் பின்னால வந்து நின்னாரு. அத்தர் வாசனை காட்டிக் கொடுத்திருச்சு."

அவள் சிரிக்கவில்லை. "கடைசிப் பக்கம் மட்டும் காட்டுங்க."

தயங்கி, திறந்து காட்டினார். தேதி இருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை.

"ஏன் பதில் எழுதல? ராணி எஃப்6. கம்ப்யூட்டருக்கு ஒரு செகண்ட் கூட ஆகல."

"எனக்கும் ஆகல. எண்பத்தேழுல இதே வலையில அவரப் பிடிச்சது நான்தான்."

"அப்ப போன்ல என்ன சொன்னீங்க?"

"கஷ்டமான மூவா இருக்கே பாய், ஒரு வாரம் டைம் குடுங்கன்னேன்."

"அத்தா?"

"சிரிச்சாரு. 'மாட்டுனியா அழகு, இனி அந்தக் குதிரைக்கு அங்க இடமில்ல'ன்னாரு. நர்ஸ் வந்து சத்தம் போடாதீங்கன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு."

அந்த மாதம் முழுக்க அத்தா அவள் முன்னால் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

"நான் பக்கத்துல இருந்திருந்தா தப்புன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்ப" என்றார் அழகப்பன். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் குத்தியது.

பிறகு அவர் கறுப்பு நோட்டைப் பார்த்தபடி கேட்டார். "அத ஒரு தடவை காட்டுவியா? மூவெல்லாம் வேணாம். ஓரத்துல எதையோ கிறுக்குவாரு. என்னைத் திட்டியிருப்பாருன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

"முடியாது அங்கிள். ரூல்."

"ஆமா" என்று தலையசைத்தார். "ரூல்தான்."

இப்படிச் சொன்னால் மனம் குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரத்தான் செய்தது. அவர் பச்சை நோட்டைப் பையில் போட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகி, மேசையில் கையூன்றி எழும்வரை.

"உக்காருங்க" என்றாள்.

நோட்டைத் தன் பக்கமாகவே சாய்த்துப் பிடித்துக்கொண்டு திறந்தாள். கண்ணில் பட்ட முதல் குறிப்பை வாசித்தாள். "டிசம்பர் 2009. 'அழகு இன்று வரவில்லை. மழையாம். இங்கே மழை இல்லை. புக்கிட் மேரா என்ன வேறு நாடா?'"

அழகப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு வயித்துப்போக்கு. வெளிய சொல்ற மாதிரி இல்ல, மழைன்னுட்டேன்." பிறகு மெதுவாக, "இன்னொண்ணு படியேன்" என்றார்.

"இல்ல அங்கிள். இது போதும்."

நோட்டை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். மிச்சம் நானூறும் அழகப்பனைப் பற்றியவைதான். இருந்தாலும் அவை இருப்பது அவள் வீட்டில்.