லோகேஸ்வரியின் பாதித் திரை

லோகேஸ்வரியின் மடிக்கணினி காப்பார் சாலையில் செத்தது. முழுதாகச் செத்திருந்தால்கூட வேறு வழி யோசித்திருக்கலாம். செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிக்கு ஒதுங்கப் போய் மோட்டார் சைக்கிள் சரிந்ததில் அவள் முழங்கையில் தோல் போயிற்று; கணினியின் திரை நொறுங்கிற்று. மற்றதெல்லாம் நன்றாகவே ஓடியது. வீட்டுத் தொலைக்காட்சியில் ஒயரைச் செருகினால் அவள் வரைந்த படங்கள் அத்தனையும் சுவர் அகலத்துக்குத் தெரிந்தன. தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போக முடியாதே!

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் வீட்டு உள்வடிவமைப்பு படிக்கிறாள். அங்கே ஸ்டூடியோ வகுப்பு என்று ஒன்று உண்டு. விரிவுரையாளர் கண்ணெதிரே உட்கார்ந்து வரைய வேண்டும். வீட்டில் வரைந்து கொண்டுபோனால் செல்லாது. விழுந்த காயத்தால் ஏற்கெனவே சில வகுப்புகள் தவறிப் போயிருந்தன. திங்கட்கிழமையும் வெறுங்கையோடு வந்தால் இந்தப் பருவம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பருவம் போனால் படிப்புக் கடன் நிற்கும். கடன் நின்றால், பள்ளியின் ஐந்தாம் பாரம் தாண்டிப் படிக்கும் அந்த வீட்டின் முதல் பிள்ளை, அம்மாவோடு தொழிற்சாலைக் கேண்டீனில் தட்டுக் கழுவ வேண்டியதுதான்.

லோகேஸ்வரியும் நானும் ஒரே கம்பம், அதாவது ஒரே கிராமம்; அங்கே முதலில் பட்டம் வாங்கியவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. அதனால் மின்சாரத்தில் ஓடும் எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது கணக்கியல் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

“ரிஷிண்ணே, சனிக்கிழமை கூட வரியா? ஸ்கிரீன் ஒண்ணு வாங்கணும்” என்று போனில் கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்தத் திரையவே மாத்தலாம் லா.”

“கேட்டுட்டேன். அந்த மாடலுக்கு இப்ப சாமான் வர்றதில்லையாம்.”

பிரிக்பீல்ட்ஸில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சிவநேசன் என்பவர் பழைய கணினிகள் விற்கிறார். அலுவலகங்கள் கழித்துப் போட்ட பெரிய திரைகள் சுவரோரம் அடுக்கி இருந்தன. மலிவானவை, நல்லவை. நான் ஒன்றைக் காட்டினேன்.

“அண்ணே, இத ஒரு நிமிஷம் தூக்கிப் பாக்கலாமா?” என்று அவரிடம் கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடை மாடிப்படி ஏறி இறங்கினாள். இறங்கும்போது காயம்பட்ட முழங்கை தாங்காமல் பாதிப் படியில் அதை இறக்கி வைத்துத் தூக்கினாள்.

“என்னம்மா, ஸ்கிரீன் வாங்க வந்தியா, புள்ள தூக்கிப் பழக வந்தியா?” என்றார் சிவநேசன்.

“தினம் தூக்கணும்ண்ணே. காப்பார்லேர்ந்து கிள்ளான் வரைக்கும் மோட்டர், அப்புறம் கொம்யூட்டர் ரயில்ல நிக்கணும், சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து நடக்கணும். மோட்டர்ல இத எங்க வைப்பேன்? கால் நடுவுல வெச்சா ஹேண்டில் திரும்பாது.”

அவர் உள்ளே போய் மெல்லிய திரை ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளி அட்லஸ் போல இருந்தது. மடித்தால் உறையே தாங்கியாக நிற்கும். நான் வாங்கிவிடலாம் என்றேன். அவள் அதன் ஓரத்தில் இருந்த துளையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“புது டைப் ஒயர் மட்டும்தான் போகும். என் லேப்டாப்ல அந்த ஓட்டையே இல்ல. பழைய எச்.டி.எம்.ஐ. உள்ளது இருந்தா காட்டுங்கண்ணே. கரண்டு பவர் பேங்க்லேர்ந்து எடுக்கணும், எங்க கிளாஸ்ல பிளக்குக்கு அடிச்சிக்குவாங்க.”

கடைசியில் அப்படியும் ஒன்று கிடைத்தது. யாரோ வாங்கி, பிடிக்காமல் திருப்பியது. மூலையில் சின்னக் கீறல். அதைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டி, மறுபடி படியேறி இறங்கினாள். இம்முறை கை வீசி நடந்தாள். அவள் அம்மா மாரியாயி ஆன்டி, மாதாமாதம் கட்டிவந்த கூட்டுச் சீட்டுப் பணத்தை, கழிவு போனாலும் போகட்டும் என்று முன்கூட்டியே எடுத்துத் தந்திருந்தார். இனி எடுக்க அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. மூவருக்கும் அது தெரியும்.

எங்கள் வீடுகளில் புதுப் பொருள் எதுவும் சாமி மேடைக்கு முன்னால் உட்காராமல் வேலையைத் தொடங்காது. மோட்டார் சைக்கிள், ஐஸ்பெட்டி, சலவை இயந்திரம், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. என் பட்டமளிப்புப் படத்தின் கண்ணாடியில்கூட அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது. ஞாயிறு மாலை மாரியாயி ஆன்டி திரைக்கு நான்கு மூலையிலும் நடுவிலும் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டினார். “எம்புள்ளய கரையேத்து” என்று மட்டும் வேண்டிக்கொண்டார். நானும் கும்பிட்டேன். படத்தின் கண்ணாடிக்கு வைப்பதுபோலத்தான் எல்லோருக்கும் தோன்றியது.

திங்கட்கிழமை காலை அவளோடு சேர்ந்து ரயிலுக்குப் போகலாம் என்று அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

“பசியாறிட்டியா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே ஆன்டி ஈரத் துணியால் திரையைத் துடைத்தார். ஓரத்துச் சந்தனம் வந்துவிட்டது. நடுவில் தடித்து வைத்தது காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டை விரலால் அழுத்திச் சுரண்டினார், சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டுவதுபோல.

சத்தம் எதுவும் கேட்கவில்லை.

லோகேஸ்வரி ஒயரைச் செருகிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுவில் மை கொட்டியதுபோல் கறுப்பு. அங்கிருந்து வலப்பக்கம் முழுதும் செத்துப் போயிருந்தது.

“நான் ஒண்ணுமே பண்ணலயேம்மா... தொடச்சேன், அவ்வளவுதான். அழுக்கோட அனுப்பக்கூடாதுன்னு...” ஆன்டி தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“விடும்மா” என்றாள் லோகேஸ்வரி. திரையை உறையில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“எதுக்கு லா அத எடுக்கற?” என்றேன்.

“வெறுங்கையோட வரக்கூடாதுன்னுதானே சொன்னாங்க?”

கிள்ளான் நிலையம் வந்து சேர்ந்தோம். கொம்யூட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அவள் அதில் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்லி விரிவுரையாளரிடம் கெஞ்சலாம் என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. பட்டமளிப்பு அங்கியில் நான் சிரிக்கும் அந்தப் படத்தைத்தான் அவள் சின்ன வயதில் பார்த்துப் பார்த்து வளர்ந்தாள் என்பது மட்டும் மனதை அறுத்தது.

சென்ட்ரலில் இறங்கியபோது அவள் கண் சிவந்திருந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு போக, அங்கேயே நின்றாள்.

“ண்ணே, அத நிமித்தி வெச்சா?”

“எத?”

“ஸ்கிரீன. படுக்க வெச்சாத்தானே வலப்பக்கம் போச்சு? செங்குத்தா நிமித்தி, படத்தையும் திருப்பிட்டா நல்ல பாதி மேல வந்துடும், டூல் பட்டையும் அறுபடாம முழுசா தெரியும். கீழ இருட்டா இருந்தா இருந்துட்டுப் போவுது. பாதில வரையலாம்.”

வகுப்பில் தண்ணீர்ப் போத்தல் மீது சாய்த்து நிமிர்த்தி வைத்தாளாம். பக்கத்துப் பையன் “இது என்ன, சவப்பெட்டியா?” என்று கேட்டானாம். அவள் நாள் முழுக்க அந்தச் சதுரத்துக்குள் ஒரு சமையலறை வரைந்தாள். விரிவுரையாளர் இருமுறை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வருகையைக் குறித்துக்கொண்டார். அன்றைய நாள் தப்பியது.

பருவம் முடிய இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. கறுப்பு ஓரிடத்தில் நிற்கிற வகையில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. வெள்ளம் வந்தபோது எங்கள் கம்பத்தில் சுவருக்குச் சுவர் கோடு போட்டுப் பார்த்தோமே, அதுபோல அவள் திரைச் சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். போன வாரக் கோடு இப்போது கறுப்புக்குக் கீழே இருக்கிறது.

“பருவம் முடியறதா, கறுப்பு மேல வர்றதா, ரெண்டுல எது முந்தும்னு தெரியலண்ணே” என்றாள், பையை மாட்டிக்கொண்டே. ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.