ராக்கம்மா காப்பாற்றிய ஓடைக்காடு

தலவாக்கலைக் கடையில் தீபாவளிக்கு மாவு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் சாவுச் சேதி வந்தது. கடைக்கார நானா தராசைக் கீழே வைத்துவிட்டு, "தங்கச்சி, ஒங்க லயத்து ராக்கம்மா மௌத்தாகிட்டாங்களாம். ஒங்க தோட்டத்து ஆள் இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு" என்றார். "காலையில கஞ்சி குடிச்சாளே" என்றேன். மாவை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் தோட்டம் இருக்கிற வட்டகொடைப் பக்கம் நடந்தேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கக் காலுக்குப் பொறுமை இல்லை.

அடக்கம் முடிந்தும் அந்தப் பொறுமை திரும்பவில்லை. உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது. எழும்பினால் வாசலுக்குப் போகச் சொல்கிறது. அவளோடு லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து, ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்களுக்கு இது விளங்கும். ஐப்பசி பிறந்துவிட்டது, ஆறுமணிக்குருவி வரும் காலம். அதன் முதல் சத்தத்தை வருஷா வருஷம் அவள்தான் கேட்பாள். "கட்டையன் வந்துட்டான்டி செல்லாயி!" என்று நாலு நிரை தள்ளி நிற்கும் எனக்குக் கத்துவாள்.

அந்தக் குருவியைப் பார்க்காதவர்களும் இருக்கலாம். மைனாவைவிடச் சிறியது. முதுகு பச்சை, சிறகில் ஒரு நீலத் துண்டு மின்னும். வயிறு சந்தன நிறம், அடிவயிற்றில் மட்டும் குங்குமம் கொட்டியதுபோல் சிவப்பு. கண்ணோடு சேர்த்துக் கறுப்பாக ஒரு மைக்கோடு. வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பறப்பதைவிடத் தரையில் தத்துவதுதான் அதிகம். நிழலுக்குள் சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடும், இருக்கிற துண்டு வாலையும் மேலும் கீழும் ஆட்டிக்கொள்ளும். "இம்புட்டு சோடிச்சிக்கிட்டு வந்தியே, வால எங்கடா தொலைச்ச?" என்பாள் ராக்கம்மா.

அந்தி மங்கும்போது, தேயிலை போடாமல் ஓடையோரம் விட்டிருந்த ஓடைக்காட்டிலிருந்து அது சீட்டி அடிக்கும். அந்தக் காலத்தில் எங்களிடம் ஏது கடிகாரம்? அதைக் கேட்டுத்தான் அந்திக் கொழுந்தை நிறுக்க இறங்குவோம். ஒருநாள் பகல் சோறு செரிக்கும் முன்பே பனி மூடி மலை இருட்டிவிட்டது. குருவி கூவியது. மொத்தப் பெண்களும் கூடையோடு இறங்கிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய் நின்றோம். தராசும் இல்லை, நிறுக்க ஆளும் இல்லை. கங்காணி ஓடி வந்தார்.

"யாருடி ஒங்கள எறங்கச் சொன்னது?"

"ஆறுமணிக்குருவிங்க" என்றாள் ராக்கம்மா.

"மூணு மணிகூட ஆகலடி!"

"அதுக்கு யாரு கடிகாரம் வாங்கிக் குடுத்தா? பனியக் கண்டு அந்தின்னு நெனச்சிருச்சு, பாவம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். சிரிப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு அந்தக் காட்டையே வெட்டித் தள்ளுறேன். அப்புறம் எங்க ஒக்காந்து கூவுதுன்னு பாக்குறேன்" என்றார்.

மறுநாள் கத்தியோடு போன ஆண்கள் போன வேகத்தில் நின்றுவிட்டார்கள். மரத்தடியில் மூன்று கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ராக்கம்மா கைகூப்பி நின்றாள். "இங்க முனி இருக்குங்க." தோட்டத்தில் சாமி இருக்கிற இடத்தில் யார் கத்தி வைப்பார்கள்? கூட வந்த கங்காணி மெல்லச் செருப்பைக் கழற்றினார்.

அன்றைக்குப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, "ஓடையில கல்லு பொறுக்கி இடுப்பு ஒடஞ்சு போச்சுடி" என்றாள்.

"முனி கோவிச்சுக்காதா?"

"கோவிச்சா ஏங்கிட்ட கோவிக்கட்டும். கட்டையன் என்னா பண்ணுவான்?"

அதன் பிறகு குருவி வந்த வாரம் அங்கே பொங்கல் வைப்பாள். எங்களில் பலர் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அங்கே தேங்காய் உடைக்கவும் தொடங்கினோம்.

அவள் காரியம் முடிந்த மறுநாள் கங்காணி வந்தார். இப்போது கிழவராகிவிட்டார். "அந்த எடத்துலயும் தேயில போடணுமாம், தொரை கேக்குறாரு" என்றார். "கல்லு எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா சாமி பாக்க ஒரு ஆளு இருந்தா, தொரைகிட்ட நான் பேசிக்குவேன். ஆளில்லாத சாமிக்கு நான் எப்படிப் பேசுறது?"

கூடி நின்ற லயத்து ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். முனி என்றால் அவர்களுக்குப் பயம், அது ஓடையில் பொறுக்கிய கல் என்று தெரிந்த எனக்கும்தான்.

"நான் பாக்குறேங்க" என்றேன்.

"நீயா? நாய் கொலைச்சாலே நடுங்குவியே?"

"நடுங்கிக்கிட்டே பாக்குறேங்க."

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு பங்களாப் பக்கம் போனார். தொரையும் ஒத்துக்கொண்டதாக ஆள் வந்து சொன்னார்.

நேற்றுப் போய் விளக்கு வைத்தேன். கை நடுங்கி எண்ணெய் கொட்டியது. இன்றைக்கும் போய்விட்டு வந்தேன். குருவி இன்னும் வரவில்லை, சருகில் அசைவே இல்லை. ராக்கம்மாவின் துணிச்சல் அவளோடு போய்விட்டது. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஓடைக்காடுதான். குருவி கூவுவதை முதலில் கேட்பவர்கள் எனக்கும் ஒரு சத்தம் கொடுங்கள். அவளுக்கு இருந்த காது எனக்கு இல்லை.