படத்தில் நான்கு தடவை செத்தவள்

கார் ஓடப் பழக்குவதுதான் பதினெட்டு வருடங்களாக என் தொழில். ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், ஈழத்தமிழர். பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டிய தாய்மார், பக்கத்து நகரமான மார்க்கத்தில் வேலை கிடைத்து பஸ்சில் போய்வந்து அலுத்த பெண்கள், கணவரிடம் பழகப்போய்ச் சண்டை பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். மற்றப் பாதி உலகத்தில் எங்கே குழப்பம் நடக்கிறதோ அங்கிருந்து வருகிறவர்கள்.

அப்படித்தான் அவள் வந்தாள். உக்ரைன்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். அகன்ற தோள்கள், ஆண்பிள்ளைக் கைகள். ஒன்பது வயது மகளோடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தாள். கணவர் அங்கே படையில். இவள் ஒரு கேக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். விட்பி என்ற ஊருக்கு வடக்கே ஒரு குதிரைப் பண்ணையில் வேலைக்குக் கேட்டிருந்தாள். அவர்களுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் அங்கே பஸ் போகாது. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் பேசியது சொல் சொல்லாகப் பொறுக்கி அடுக்கிய ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அது எங்கள் தமிழாகவே இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

றோட்டுச் சோதனையில் அவள் ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தாள். இரண்டு தடவையும் ஒரே குற்றம். லேன் மாறும்போது தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை எல்லாக் காருக்கும் உண்டு, தோளுக்கு மேலால் ஒரு கணம் திரும்பிப் பார்த்தால்தான் அது தெரியும். நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் முன்னாலேயே முறைத்துப் பார்த்துக்கொண்டு, ஸ்ரியறிங்கைக் கிணற்றுக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்திருப்பாள்.

ஒருநாள் பொறுமை போய், "என்னத்துக்கு இப்பிடிப் பயப்பிடுறீர்?" என்று கேட்டேன்.

"ரீச்சர், குதிரைக்குக் கண் இருக்கு" என்றாள். "நான் பிழையாய்த் திருப்பினாலும் அது பள்ளத்துக்குள்ளை போகாது. இந்தக் காருக்குக் கண் இல்லை. நான் சொன்னதையெல்லாம் நம்புது. அதுதான் பயம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு பாடம் முடிந்து அவளுடைய கட்டடத்தின் கீழே காரை நிறுத்தியபோது, போனை என் பக்கம் நீட்டினாள். ஒரு சினிமாப் படத்தின் விளம்பரம். மலை, தேவதாருக் காடு, கையில் சிறு கோடரியோடு நீண்ட தலைமுடிக்காரன் ஒருவன். அவர்களுடைய மலைநாட்டில் முந்நூறு வருடங்களுக்கு முன்னர் இருந்த கொள்ளைக்காரனைப் பற்றிய கதை என்றாள். பிரபுக்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன். போருக்கு முன்னரே எடுத்துவிட்டார்களாம். இப்போதுதான் இந்த ஊருக்கு வருகிறது. நகரத்தின் மேற்குக் கரையில் ஒரு தியேட்டரை உக்ரைன்காரர்கள் ஒரு ஞாயிறு மத்தியானத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு காட்சி.

"இந்தப் படத்திலை நான் இருக்கிறன்" என்றாள்.

"உண்மையாவோ? என்னவாய் வாறீர்?"

"நான் சாகிறன். நாலு தரம்."

பிறகு விளக்கினாள். அவளும் கணவரும் மலையடிவாரத்தில் ஒரு குதிரைத் தொழுவத்தில் வேலை செய்தவர்கள். படப்பிடிப்புக்குக் குதிரைகளை வாடகைக்கு எடுக்க வந்தவர்கள், பாய்ந்து ஓடும் குதிரையிலிருந்து விழத் தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று இவளையும் எடுத்துக்கொண்டார்களாம். மீசை ஒட்டி, சட்டைக்குள் பஞ்சு வைத்து, பிரபுவின் படைவீரனாக்கி விட்டார்கள். மலைக்காரர்கள் நடந்தே திரிந்தவர்கள். குதிரையில் வந்தவர்கள் எதிரிகள். ஆகவே இவள் எதிரி.

"மகள் இன்னும் படம் பார்க்கேல்லை. பஸ்சிலை போக மூண்டு பஸ் மாறவேணும்" என்றாள். "ரீச்சர், நீங்கள் வருவியளோ?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் எனக்குப் போக விருப்பமில்லை. காட்டுக்குள்ளே ஆயுதத்தோடு திரியும் நல்லவர்களின் கதைகளை நான் முப்பது வருடங்களாகப் பார்ப்பதில்லை. என் அண்ணன் பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவன். அதற்கு மேல் யாரிடமும் நான் சொல்வதுமில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது, என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார். அவர் தபால் தரம்பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். வாள்சண்டைப் படம் என்றால் பசி தெரியாது.

"இஞ்சரும், எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் நடிச்ச படத்துக்குப் போகாமல் விடுறதோ? உது மரியாதையில்லை."

"எங்களுக்கு இல்லை, எனக்குத்தான் தெரியும். நீங்கள் அவவைக் கண்டதேயில்லை."

"படத்திலை காணுறன்" என்றார்.

ஆகவே அந்த ஞாயிறு நாலு பேரும் போனோம். நான்தான் காரை ஓடினேன். அவள் பக்கத்தில் இருந்தாள். பின்சீட்டில் மகளும் என் கணவரும் ஒரு பை பிஸ்கட்டை ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொண்டு வந்தார்கள். தியேட்டர் நிறைந்திருந்தது. பூவேலை செய்த சட்டைகள், சால்வைகள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சும் சனம். எங்கள் கோயில் திருவிழாவுக்குள் வேறு மொழி நுழைந்தது போலிருந்தது.

படம் தொடங்கியது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. மலைகள் அழகு. பனிமூட்டத்துக்குள்ளிருந்து குதிரைப்படை ஒன்று பாய்ந்து வந்தது. மூன்றாவது குதிரையில் வந்தவன் கோடரி பட்டு, இடது தோளைத் திருப்பி, அப்படியே உருண்டு விழுந்தான்.

"மாமா!" என்று கத்தினாள் மகள். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மா. முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்திலிருந்தவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை ஓர் ஆற்றுக்குள் விழுந்தாள். மூன்றாவது தடவை வேறு நிறச் சட்டையில், தாடியோடு, மரப்பாலத்திலிருந்து. என் கணவர் கதையில் மூழ்கிப்போயிருந்தார். பிரபுவின் ஆட்கள் ஒரு கிராமத்துக்கு நெருப்பு வைத்தபோது பல்லை நெருமினார். கொள்ளைக்காரனின் தோழர்கள் அவர்களைத் துரத்த, ஒருவன் குதிரையோடு சரிவில் உருண்டான். "அப்பிடித்தான், போடு!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

"அங்கிள், அது என்ரை அம்மா" என்றாள் மகள், ஆங்கிலத்தில், மிகத் தெளிவாக.

சுற்றியிருந்த மூன்று வரிசையும் சிரித்தது. என் கணவர் இருட்டுக்குள் தலையைக் குனிந்து, "சொறி, சொறி" என்று நாலைந்து தடவை சொன்னார்.

அதன் பிறகு படம் எனக்குக் கனக்கத் தொடங்கியது. படத்தில் சனங்கள் கொள்ளைக்காரனைப் பற்றிக் கதை கட்டுகிறார்கள். சாதாரணக் குண்டு அவனைத் துளைக்காது என்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கிராமங்களில் கண்டதாகச் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு அது பழகிய பேச்சு. கடைசியில் அவனுக்கு என்ன நடக்கப் போகிறது என்பது தெரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை மட்டும் கேட்டேன். தியேட்டரில் பலர் அழுதார்கள். ஆனால் விளக்குப் போட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், செத்தவன் எழுந்து வந்துவிட்டான் என்பது போல.

வெளியே வந்ததும் மகள் சும்மா இருக்கவில்லை. கண்டவர்களிடமெல்லாம் தாயைக் காட்டிச் சொல்லிவிட்டாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், மீசை எங்கே என்று. தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்குகிறவள், முகம் சிவந்து, நிமிர்ந்து நின்று சிரித்தாள். இந்த நாட்டில் அவள் அப்படிச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

வரும் வழியில் ஒரு கோப்பிக் கடையில் நின்றோம். மகள் டோனட் தெரிவுசெய்யப் போயிருந்தாள். அவள் என்னைப் பார்த்து, "ரீச்சர், கடைசியிலை நீங்கள் கண்ணை மூடினனீங்கள். ஏன்?" என்று கேட்டாள்.

கேட்ட விதம் நன்றாக இருந்தது. இரக்கமும் இல்லை, விடுப்புக் கேட்கும் ஆவலும் இல்லை. குதிரை ஏன் நொண்டுகிறது என்று கேட்பது போல. நான் சொன்னேன். அண்ணன் போன கதை. போய் ஆறு மாதத்துக்குள் ஊரில் அவனைப் பற்றி வந்த கதைகள். தனியாக நின்று ஒரு காவலரணையே பிடித்தானாம், கடலில் பத்து மைல் நீந்தினானாம். "எங்கடை வீட்டிலை எங்களுக்குத் தெரியும், அவனுக்குப் பல்லியெண்டால் பயம். பல்லி நிண்டால் குளிக்கப் போகமாட்டான். என்னைக் கூப்பிடுவான், துரத்திவிட. எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு." அவன் எப்படிச் செத்தான் என்பதற்கும் மூன்று கதைகள் வந்தன. எது உண்மையென்று இன்றுவரை தெரியாது.

என் கணவர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "இருபத்தாறு வருசமாய்ப் பல்லிக் கதையை எனக்கு நீர் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

"கேட்டால் அழுவீரோ எண்டு பயந்தன்" என்றார். நான் அழவில்லை. இப்போது பல்லிக் கதையை அவருக்கும் சொல்லியாயிற்று.

அவள் சொன்னாள்: "எங்கடை மலையிலை எல்லா வீட்டிலையும் சொல்லுவினம், அந்தக் கொள்ளைக்காரனுக்கு எங்கடை பாட்டன்தான் பாண் குடுத்தவர் எண்டு. எல்லாரும் குடுத்திருந்தால் அவன் சரியான மொத்தமாயிருந்திருப்பான். மலை ஏறியிருக்கேலாது." அவள் என் கையைத் தட்டினாள். "உங்கடை அண்ணைக்குப் பல்லிக்குப் பயம் எண்டதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அது கட்டுக்கதை இல்லை."

நான் சிரித்தேன். அண்ணனைப் பற்றிப் பேசும்போது சிரிக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தொழில்காரியின் கண் படத்திலும் சும்மா இருக்கவில்லை.

"நீர் நாலு தரமும் விழுறதுக்கு முதல் தலையைத் திருப்பினனீர்" என்றேன். "இடது தோளுக்கு மேலாலை. ஒவ்வொரு முறையும்."

"பின்னாலை வாற குதிரை எங்கை நிக்குது எண்டு பார்க்கோணும் ரீச்சர். பார்க்காமல் விழுந்தால் மிதிச்சுப்போடும்."

"அதுதான் இது. அதேதான்."

அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். வாய்க்குள் என்னவோ தன் பாஷையில் சொன்னாள். பிறகு கையை நீட்டிக் கார்த் திறப்பைக் கேட்டாள்.

பழகுகிறவர்கள் நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஓடக்கூடாது. பயிற்றுநர் பக்கத்திலிருந்தால் மட்டும் ஓடலாம். அதுவரை அவளை அங்கே கொண்டுபோக எனக்குத் துணிவு வந்ததில்லை. என் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, சரி என்றேன். பின்சீட்டில் என் கணவர் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஏறுபாதையில் அவள் வேகத்தைக் கூட்டினாள். பக்கத்தில் நீளமான லொறிகள் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, ஒரு கணம், இடது தோளுக்கு மேலால் திரும்பினாள். இரண்டு லொறிகளுக்கு நடுவே கார் போய் அமர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து, "நல்லாய் ஓடுறா" என்று என் கணவர் தமிழில் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று. ஸ்காபரோ வரையும் அவளே ஓடினாள். மூன்று இடங்களில் நான் பயந்தேன். பிரேக்கை ஒரே ஒரு தடவைதான் மிதித்தேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நவம்பரில் மூன்றாவது தடவையும் தவறினாள். இந்த முறை தலையைத் திருப்பிப் பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. நிறுத்தல் பலகையில் கார் முழுதாக நிற்கவில்லை, உருண்டுகொண்டே போனது. சோதனை நிலையத்தின் வாசலில் இருந்து அழுதாள். நான் அவளுக்குக் கைலேஞ்சி கொடுத்துவிட்டு, அடுத்த சோதனைக்கு நாள் பதிய உள்ளே போனேன். ஜனவரியில், றோட்டின் இரண்டு பக்கமும் பனி குவிந்திருந்த ஒரு காலையில், தேறினாள். பரிசோதகர் எழுதிய ஒரேயொரு குறை, கொஞ்சம் மெதுவாக ஓடுகிறார் என்பது.

பழைய கார் ஒன்றை என் கணவர்தான் தேடிக் கொடுத்தார். மார்ச்சில் பண்ணை வேலை தொடங்கியது.

போன சித்திரையில் எங்களைப் பண்ணைக்குக் கூப்பிட்டாள். பனி உருகி எங்கும் சேறு. அவள் முழங்கால்வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு, என் உயரத்துக்கு இரண்டு மடங்கு மிருகத்தைச் சின்ன நாய்க்குட்டி மாதிரி நடத்திக்கொண்டு வந்தாள். மகளும் என் கணவரும் கரட் கொடுக்கப் போனார்கள். நான் கிட்டப் போகவில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. கணவர், வீடியோவில். ஒரு வாரத்துக்கு லீவு கிடைத்துத் தாய்வீட்டுக்கு வந்திருந்தார். மெலிந்த முகம், வெட்டிய தலைமுடி, பின்னால் ஒரு குசினி யன்னல். அவள் போனை என் பக்கம் திருப்பினாள். அவர் என்னவோ கேட்டார், அவள் சிரித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

"நான் உண்மையாய்க் கார் ஓடுறனோ எண்டு கேக்கிறார். பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறார்."

"ஓம், ஓடுறா" என்றேன் நான். "எல்லா இடமும் ஓடுறா."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் குதிரைக் கயிற்றை வேலிக்கு மேலால் என் கையில் திணித்துவிட்டு, போனை உயர்த்திப் பிடித்தபடி, காரைக் காட்டச் சேற்றுக்குள்ளால் ஓடினாள்.